ரப்பர் புழு (தூண்டில் இரை)

ரப்பர் புழு என்பது தூண்டில் முள்ளில் கோத்துப் பயன்படுத்தப்படும், மென்மையான நெகிழியால் ஆன போலி இரை. புழு, பூச்சி, இறால், மீன்குஞ்சு ஆகியவற்றின் வடிவில் வார்க்கப்படுகிறது. பெயரில் ரப்பர் இருந்தாலும் பெரும்பாலானவற்றில் ரப்பர் இல்லை. பி.வி.சி. பிசினை எண்ணெய் போன்ற இளக்கிகளுடன் கலந்து, சூடாக்கி, அச்சில் ஊற்றினால் கிடைக்கும் வளையும் பொருளே இது. தென்தமிழகத்திலும் கேரளத்திலும் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர்களிடம் இது பரவலாகப் புழங்குகிறது. உள்ளங்கை அளவு மீன்களுக்கு முக்கால் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை நீளமுள்ள புழுக்கள் ஏற்றவை.

தோற்றம்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் நகரைச் சேர்ந்த நிக் கிரீம் 1949-ல் தன் வீட்டுச் சமையலறையில் நெகிழிப் புழுவை உருவாக்கினார். அதற்கு முன் கடினமான ரப்பரில் செய்யப்பட்ட புழுக்கள் இருந்தன. அவை நீரில் உயிருள்ளவை போல நெளியவில்லை. வட அமெரிக்காவில் வாணலியில் முழுதாக அடங்கும் சிறுமீன்களை 'பேன் ஃபிஷ்' என்பர். புளூகில் முதலிய சூரியமீன்கள் இவ்வகை. இவற்றுக்காகவே மிகச் சிறிய புழுக்கள் வார்க்கப்பட்டன. சூரியமீன்கள் தமிழகத்தின் மீன்கள் அல்ல. எனவே அங்கே எழுதப்பட்ட குறிப்புகளை அப்படியே இங்கு எடுத்துக்கொள்ள முடியாது.

நாஞ்சில் நாட்டு மீன்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தேரூர், சுசீந்திரம், புத்தளம் ஆகிய ஊர்களின் குளங்களும், பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் கழிமுகமும், குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணமும் சிறுமீன் நிறைந்த நீர்நிலைகள். இவற்றிலுள்ள மீன்கள் எல்லாம் ரப்பர் புழுவை ஒன்றுபோல் எடுப்பதில்லை.

சிலேபி எனப்படும் திலாப்பியா ஆப்பிரிக்க மீன். 1952-ல் இலங்கை வழியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆண் சிலேபி கரையோரச் சேற்றில் வட்டக் குழி பறித்து அதைக் காக்கும். பெண் முட்டைகளை வாயில் சுமக்கும். அந்நாட்களில் அது இரை எடுப்பது மிகக் குறைவு. குழிக்குள் நுழையும் எதையும் ஆண் கவ்வி வெளியே எறியும். அது பசியில் கவ்வுவதில்லை, விரட்டவே கவ்வுகிறது. ஆகவே புழுவைக் குழியின் நடுவில் அசையாமல் கிடக்கவிட்டு, மெல்ல ஒருமுறை அசைப்பது போதும்.

கரிமீன் இதற்கு மாறானது. அதன் வாய் சிறியது. உணவில் பாசியும் தாவரத் துணுக்குகளும் அதிகம். ஓடும் இரையைத் துரத்துவது அதன் இயல்பன்று. கரிமீனுக்கு மைதா மாவு உருண்டையோ மண்புழுவோதான் நல்ல இரை. ரப்பர் புழுவால் கரிமீனை நம்பிப் பிடிக்க முயல்வது பெரும்பாலும் பொழுதை வீணாக்குவதே. பனையேறிக்கெண்டை பூச்சிகளையும் சிறு உயிர்களையும் தின்பது என்பதால் சிறிய புழுவை ஆவலுடன் எடுக்கும். அதன் செவுள் மூடியின் விளிம்பில் கூரிய முட்கள் உண்டு. முள்ளைக் கழற்றும்போது கையைக் கிழிக்கும்.

தேர்வு

முதலில் பார்க்க வேண்டியது மீனின் வாய். சிறுமீன்கள் இரையைக் கடிப்பதைவிட, வாயைச் சட்டெனத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சுகின்றன. பிடிக்கவில்லையென்றால் நொடியில் துப்பிவிடும். புழு நீளமாக இருந்தால் வால் மட்டும் உள்ளே போகும், முள் வெளியே நிற்கும். தக்கை ஆடிக்கொண்டே இருந்தும் மீன் மாட்டாததற்கு இதுவே முதற்காரணம்.

அடுத்தது எடை. புழுவைத் தாங்கும், தலையில் ஈயம் வார்த்த முள்ளை ஜிக் என்பர். ஒரு கிராமுக்கும் குறைந்த ஜிக் மெதுவாக இறங்கும். இறங்கும்போதுதான் பெரும்பாலும் மீன் எடுக்கும். காற்றும் நீரோட்டமும் உள்ள மணக்குடி போன்ற இடத்தில் அவ்வளவு லேசான ஜிக் நிற்காது. அங்கே இரண்டு கிராம் வரை தேவைப்படும். எடை குறைந்தால் நரம்பும் மெலிய வேண்டும். தடித்த தங்கூசி நரம்பு லேசான ஜிக்கை இயல்பாக இறங்கவிடாது.

நிறத்தைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. அளவு, எடை ஆகியவற்றுக்கு அடுத்த இடமே அதற்கு. மழைக்காலத்தில் கால்வாய்த் தண்ணீர் கலங்கி வரும்போது கறுப்பு, அடர்சிவப்பு போன்றவை நிழலாகத் தெரியும். தெளிந்த நீரில் ஒளி ஊடுருவும் பழுப்பும் வெளிர்பச்சையும் மீனை வெருட்டாது.

மாற்றியமைத்தல்

கடையில் கிடைக்கும் புழுக்கள் பெரும்பாலும் பெரிய மீன்களுக்கானவை. மூன்று அங்குலப் புழுவின் தலைப்பகுதியை வெட்டி எறிந்து, வாலோடு ஓர் அங்குலத்தை வைத்துக்கொண்டால் சிலேபிக்கு ஏற்ற இரை கிடைக்கும். வால் தடித்திருந்தால் சவரப் பிளேடால் நீளவாக்கில் இரண்டாகக் கீறலாம். மெல்லிய வால் மிகச் சிறு அசைவுக்கும் துடிக்கும்.

முள் புழுவின் நடுவில் நேராகச் செல்ல வேண்டும். கோணலாகக் கோத்தால் இழுக்கும்போது புழு சுழன்று நரம்பு முறுக்கிக்கொள்ளும். தளர்ந்து நழுவும் புழுவை முள்ளின் தண்டில் ஒரு சொட்டு உடனடிப் பசை வைத்து நிறுத்தலாம். கிழிந்த துண்டுகளைச் சூடான ஊசியால் உருக்கி ஒட்டலாம். எழும் புகையை முகராமல் வெட்டவெளியில் செய்ய வேண்டும்.

தாமரை படர்ந்த குளங்களில் முள் தண்டில் சிக்கிக்கொண்டே இருக்கும். அங்கே ஈயத் தலையில்லாத முள்ளை எடுத்து, அதன் நுனியைப் புழுவின் உடலுக்குள் மறைத்துக் குத்துவர். மீன் கவ்வும்போது மென்மையான உடல் அமுங்கி நுனி வெளிவரும்.

வெவ்வேறு வகைப் புழுக்களை ஒரே பெட்டியில் வைக்கக்கூடாது. பி.வி.சி. புழுவின் இளக்கி கசிந்து, சிலவகைக் கடின நெகிழிப் பெட்டிகளையும் வேறு நெகிழியால் ஆன புழுக்களையும் உருக்கிவிடும். பாலித்தீன் உறையே பாதுகாப்பானது.

நீர்நிலைக்கு ஏற்படும் கேடு

அறுந்து நீரில் கிடக்கும் ரப்பர் புழு மட்குவதில்லை. மீன்கள் அவற்றை விழுங்குகின்றன. 2009-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இவற்றை விழுங்கிய ஓடை டிரவுட் மீன்கள் சரியாக உண்ணாமல் எடை குறைந்தன. வாங்கியபடி கோத்த நீளமான புழு எளிதாகக் கிழிந்து விழும். வெட்டிச் சுருக்கி ஒட்டிய புழு முள்ளிலேயே நிற்கும். மாற்றியமைப்பதன் பயன் மீன்பிடிப்போடு நிற்பதில்லை.

ஈயம் இன்னொரு சிக்கல். வாத்துகளும் அன்னங்களும் செரிமானத்துக்காகச் சிறுகற்களை விழுங்கும் பறவைகள். அவற்றோடு ஈயக்குண்டுகளையும் விழுங்குகின்றன. அன்னங்கள் நஞ்சேறி இறந்ததால் பிரிட்டன் 1987 முதல் சிறிய ஈயக்குண்டுகளைத் தூண்டிலில் தடைசெய்தது. வலசை வாத்துகள் வந்திறங்கும் சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022-ல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த ஊரும் தேரூர்தான். இத்தகைய இடங்களில் வனத்துறையின் கட்டுப்பாடுகளை அறியாமல் தூண்டிலை எடுத்துச் செல்லக்கூடாது. மற்றக் குளங்களில் மீன்பாசி குத்தகைக்கு விடப்பட்டிருந்தால், குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டுத் தூண்டில் போடுவதே முறை. ஈயத்துக்கு மாற்றாக டங்ஸ்டன், பித்தளைத் தலையுள்ள ஜிக்குகளும் கிடைக்கின்றன. டங்ஸ்டன் ஈயத்தைவிட அடர்த்தியானது என்பதால் அதே எடைக்குத் தலை சிறியதாக இருக்கும்; சின்ன வாய் மீனுக்கு அது கூடுதல் வசதி.