சாவி திரும்பும்போதே மாற்ற வேண்டிய பூட்டு

காரின் இக்னிஷன் லாக் சிலிண்டருக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். சரியான சாவி நுழைந்ததும் அவை ஒரே மட்டத்துக்கு வரும், சிலிண்டர் திரும்பும். பல ஆண்டுப் புழக்கத்தில் தகடுகளும் தேயும், சாவியின் பற்களும் தேயும். சாவியை ஆட்டி அசைத்தால்தான் திரும்புவது, பாதியில் சிக்குவது, எஞ்சின் ஓடும்போதே கையோடு கழன்று வருவது ஆகியவை தேய்மானத்தின் அடையாளங்கள்.

பலர் இதற்கு எண்ணெய் விடுகிறார்கள். எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பிசுக்காக்கிவிடும். கிராஃபைட் பொடி தேவலை. ஆனால் தேய்ந்த பித்தளையை எந்தப் பொடியும் வளர்க்காது. பழைய சாவியைப் பார்த்து வெட்டும் டூப்ளிகேட்டிலும் அதே தேய்மானம்தான் வரும். சாவி எண்ணைக் கொண்டு புதிதாக வெட்டுவதே முறை. சிக்கல் சில சமயம் அதோடு தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் சிலிண்டரை மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. பல கார்களில் சாவியை ஒரு குறிப்பிட்ட நிலைக்குத் திருப்பி, உள்ளிருக்கும் பிடிப்பு முள்ளை அழுத்தினால்தான் சிலிண்டர் வெளியே வரும். சாவியே திரும்பாத அளவுக்கு இறுகிவிட்டால் டிரில் போட்டு உடைத்தெடுக்க வேண்டும். ஸ்டியரிங் பூட்டியபடி நடுவழியில் நின்றால் வண்டியை இழுத்துவரும் செலவும் சேரும். புதிய சிலிண்டரைப் பழைய சாவி எண்ணுக்கே அமைத்தால் கதவுக்கும் இக்னிஷனுக்கும் ஒரே சாவி போதும். சாவியிலுள்ள சிப்பை அடையாளம் கண்டால்தான் எஞ்சினை இயக்கவிடும் இம்மொபிலைசர் உள்ள காரில், புதிய சாவியின் சிப்பையும் பதிவு செய்ய வேண்டும்.

தேய்மானம் வேறு, உற்பத்திக் குறை வேறு. ஜெனரல் மோட்டார்ஸ் 2014-இல் செவ்ரோலெ கோபால்ட் உள்ளிட்ட சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. சிலிண்டருக்குப் பின்னுள்ள இக்னிஷன் சுவிட்ச் நழுவியதால் ஓட்டத்திலேயே எஞ்சின் அணைந்தது. ஏர்பேக்கும் விரியாமல் போனது. 124 மரணங்களுக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. கனத்த சாவிக்கொத்து சுவிட்சை நழுவச் செய்யக்கூடும் என்பதால், பழுது நீக்கப்படும்வரை சாவியை மட்டும் தனியே பயன்படுத்தும்படி நிறுவனம் அறிவுறுத்தியது. தேயாத பூட்டுக்கும் நல்ல பழக்கம் இது.

இந்தியாவில், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ஆபத்தான குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்கும்படி உற்பத்தியாளருக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. வாரண்டி காலத்தில் பழுதை நீக்க மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். குறை எழுந்த 2 ஆண்டுக்குள், வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கும் தொடரலாம்; அதற்கு ஜாப் கார்டும் பில்லும்தான் சான்று. கார் திருடுபோனால் காப்பீட்டு நிறுவனம் எல்லாச் சாவிகளையும் கேட்கும். ஆகவே பூட்டை மாற்றிய ரசீதையும் பழைய சாவிகளையும் பத்திரப்படுத்த வேண்டும்.