ஆச்சியை வரைகிறேன் – 7: நனையாத கூத்தன்

கித்தான் ஆறடிக்கு நாலடி, ஆச்சியின் ஒரே போட்டோ 3 அங்குலத்துக்கு 2 அங்குலம். இதுவரைக்கும் போன வாரமே சொல்லியாயிற்று. இந்த வாரம் முகத்தில் முதல் வண்ணம் ஏறும் என்றும் எழுதியிருந்தேன். தென்காசியில் சாரல் விடவில்லை. கித்தானில் பூசிய வெள்ளை மூன்று நாளாகியும் விரலில் ஒட்டியது. சட்டம் செய்து தந்த ஆசாரி எட்டிப் பார்த்துவிட்டு, "ஆப்ப இப்பமே இறுக்கிராதிய அண்ணாச்சி, மரம் ஊதியிருக்கு" என்றார்.

சும்மா இருக்க முடியாமல் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். அருவிக்கு அல்ல, சித்திர சபைக்கு. குற்றாலநாதர் கோயிலை விட்டுத் தள்ளி, தெப்பக்குளத்தின் கரையில் தனியே நிற்கிறது. நடராசரின் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, நெல்லை தாமிரம், திருவாலங்காடு ரத்தினம். அங்கெல்லாம் ஆடுகிறவர் சிலையாக இருக்கிறார். இங்கே சுவரில் எழுதிய சித்திரமே சாமி. எத்தனையோ தடவை போயிருக்கிறேன், இந்த வாரம்தான் அது உறைத்தது. ஊர் உலகமெல்லாம் குளிக்க வருகிற குற்றாலத்தில் இந்த ஒரு கூத்தனுக்கு மட்டும் தண்ணீர் ஆகாது. சுண்ணச் சாந்தில் எழுதிய வண்ணத்தின் மேல் குடம் குடமாக ஊற்ற முடியுமா? மார்கழித் திருவாதிரைக்கு இங்கே நடக்கும் தாண்டவ தீபாராதனையை நினைத்துக்கொண்டேன். தண்ணீர் படக்கூடாத உருவத்தின் மேல் வெளிச்சம் படலாம் அல்லவா! சுவரை விட்டு நகர மனம் வரவில்லை. சிலைக்கு நகையை நாளைக்கும் சாத்தலாம். சித்திரத்துக்கு எழுதும்போதே எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை வெயில் அடித்தது, வெள்ளை காய்ந்தது. கால் அங்குலக் கட்டம் போட்ட கண்ணாடித் தாளைப் போட்டோ மேல் வைத்தேன். கித்தானில் கட்டம் அரையடி. கரித்தூள் தடவிய நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் கோடு விழும். மொத்தம் 96 கட்டங்கள். எல்லாம் 24 மடங்கு பெரிதாவதால், போட்டோவில் அரை மில்லிமீட்டர் பிசகினால் கித்தானில் 12 மில்லிமீட்டர். அந்த அளவுக்கு உதடு விலகினால் அது வேறு யாரோ.

கண்ணைக் கடைசியில்தான் திறக்க வேண்டும் என்பது சிற்பிகளின் வழக்கம். அதனால் காதில் தொடங்கினேன். பாம்படம் தொங்கித் தொங்கித் தோளைத் தொட்ட காது. போட்டோவில் பாம்படம் இல்லை, நீண்ட சதையும் ஓட்டையும் மட்டும். கண்டபடியே வரைந்தேன்.

சாயங்காலம் அத்தை வந்தாள். கித்தான் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"எங்கம்மைய ஏம்ல மூளிக்காதா வரைஞ்சி வச்சிருக்க?"

"போட்டோல அப்படித்தான அத்த இருக்கு."

"அது பாம்படம் அடவுக்குப் போன பொறவு எடுத்ததுல்லா" என்றவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

கரித்துண்டைக் கீழே வைத்துவிட்டேன். பாம்படம் எதற்காக, எப்போது போனது என்று அத்தைக்குத்தான் தெரியும். அதைக் கேட்காமல் வண்ணம் தொட மாட்டேன். முகத்தின் நிறம் அதற்கடுத்த வாரம்.

(வளரும்)