மளிகைக் கடைக்குள் வாக்குச்சாவடி

தேர்தல் நாள் நெருங்கினால் நம் வணிகர்களுக்கு வருகிற கவலை அன்றைய வியாபாரம் மட்டுமல்ல. கடைப் பையன்களின் ஓட்டும்தான். சென்னையில் மளிகைக் கடையிலும் மண்டியிலும் நிற்கிற பையன்களில் பலருக்கு ஓட்டு திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமங்களில் இருக்கிறது. சட்டம் கொடுப்பது ஒரு நாள் விடுமுறை. ஊருக்குப் போய்த் திரும்ப இரண்டு இரவுப் பயணம். 2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, நாடாளுமன்றத் தேர்தலுக்கு எங்கள் மண்டியிலிருந்து புறப்பட்டவர்கள் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் பட்ட பாடு நமக்குத் தெரியும். பாதிப் பேர் கிளம்பவே இல்லை.

அதே ஆண்டு அக்டோபரில் நாங்கள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டின் நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். அங்கும் அப்போது அதிபர் தேர்தல் காலம். நவம்பர் 5, செவ்வாய்க்கிழமைதான் தேர்தல் நாள். ஆனால் அக்டோபர் 21-ஆம் தேதியே வாக்குப்பதிவு தொடங்கி, நவம்பர் 1 வரை பன்னிரண்டு நாள் நடந்தது. இதை 'முன்கூட்டி வாக்களிப்பு' என்கிறார்கள். தபாலில் அனுப்புவது வேறு. இது வாக்குச்சாவடிக்கு நேரில் போய்ப் போடுவது. நம் தீபாவளி அக்டோபர் 31-இல் வந்தது. அதற்கு மளிகை வாங்கப் போன இடத்தில், கடைக்குள்ளேயே ஒரு பக்கம் மறைப்பு வைத்து ஓட்டுப்பதிவு நடந்துகொண்டிருந்தது!

அந்த ஊருக்கு இது புதிதல்ல. ஆஸ்டினில் பெரிய மளிகைக் கடைகள் பல தேர்தல்களில் வாக்குச்சாவடியாக இருந்திருக்கின்றன. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்றது. முன்கூட்டிப் போடுகிறவர் தம் கவுண்டிக்குள் இருக்கும் எந்தச் சாவடியிலும் போடலாம். வீட்டுப் பக்கம்தான் போக வேண்டும் என்பதில்லை. ஓட்டுநர் உரிமம் போன்ற படம் உள்ள அடையாளச் சீட்டு ஒன்று வேண்டும். ஓட்டு இல்லாத எங்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. அரிசி மூட்டை ஓரமாக நின்று பார்த்தோம். தள்ளுவண்டியில் காய்கறியோடு வந்தவர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு உள்ளே போனார்கள். கல்லாவில் நின்ற பெண் தன் இடைவேளையில் போய்ப் போட்டுவிட்டு வந்து பில் போட்டாள். அவளுக்கு லீவும் வேண்டியிருக்கவில்லை, பஸ்ஸும் வேண்டியிருக்கவில்லை.

அங்கே தேர்தல் நாள் தேசிய விடுமுறை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். டெக்சாஸில் வேலை நேரத்துக்கு வெளியே இரண்டு மணி நேரமாவது ஓட்டுப் போட நேரம் கிடைக்காத தொழிலாளிக்கு, சம்பளம் பிடிக்காமல் முதலாளி நேரம் விட வேண்டும். அவ்வளவுதான். நம் நாட்டில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு 1996-இல் சேர்க்கப்பட்டு, கடை நிறுவனங்களில் வேலை செய்யும் வாக்காளர் அனைவருக்கும் தினக்கூலி உட்பட சம்பளத்தோடு விடுமுறை கொடுக்கிறது. கொடுக்காத முதலாளிக்கு 500 ரூபாய் வரை அபராதம். இந்த வகையில் நம் சட்டமே மேல்.

முன்கூட்டிப் போடுவதிலும் குறை இல்லாமல் இல்லை. முதல் நாளும் கடைசி நாளும் கூட்டம் நெரிகிறது. நடுவில் ஒரு மத்தியான வேளையில் போனால் ஆளே இல்லை என்று மருமகன் சொன்னார். பத்து நாள் முன்பே கடை திறந்து வைத்தாலும் தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரிதான் வந்து நிற்பார்கள் நம் வாடிக்கையாளர்கள். மனுஷ சுபாவம் எங்கும் ஒன்றுதான்.

பெரிய குறை வேறு. 2020 மார்ச் 3-இல் டெக்சாஸில் கட்சிகளின் வேட்பாளர் தேர்வுத் தேர்தல். முன்கூட்டி வாக்களிப்பு பிப்ரவரி 28-இல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு, தேர்தலுக்கு ஓரிரு நாள் முன்பு, ஜனநாயகக் கட்சியில் பீட் புட்டிஜெஜ், ஏமி குளோபுச்சார் இருவரும் போட்டியிலிருந்து விலகினார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே ஓட்டுப் போட்டவர்கள் போட்டதுதான், மாற்ற வழியில்லை. முழுப் பணமும் கட்டிச் சரக்கு எடுத்த மறுநாள் விலை விழுந்த கதை. ஆனால் தேர்தல் நாளுக்கென்று காத்திருந்தவர்கள் மட்டும் சுகப்பட்டார்களா? அதே மார்ச் 3-இல் ஹூஸ்டன் நகரின் ஒரு பல்கலைக்கழகச் சாவடியில் நள்ளிரவு தாண்டியும் வரிசை நின்றது.

கொரோனா ஆண்டான அதே 2020-இன் நவம்பர் தேர்தலுக்கு ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் சில சாவடிகளை ஓர் இரவு முழுவதும் திறந்து வைத்தார்கள். இரவு வேலை பார்ப்பவர்களுக்கு அது பெரிய உதவி. காரில் உட்கார்ந்தபடியே ஓட்டுப் போடவும் ஏற்பாடு இருந்தது. 2021-இல் மாநில அரசு சட்டம் போட்டு இரண்டையும் நிறுத்தியது. இப்போது காலை 6 மணிக்கு முன்னும் இரவு 10 மணிக்குப் பின்னும் சாவடி திறக்கக் கூடாது. இன்று ஓர் இடம், நாளை ஓர் இடம் என்று நகர்ந்து போன தற்காலிகச் சாவடிகளுக்கு 2019-இலேயே முடிவு கட்டிவிட்டார்கள். கொடுத்த வசதியைப் பறிப்பதில் கட்சி அரசியல் புகுந்துவிட்டது என்பது நம் அபிப்பிராயம்.

நம் நாட்டிலும் முன்கூட்டிப் போடுகிறவர்கள் உண்டு. 2024 தேர்தலில் 85 வயது தாண்டியவர்களுக்கும், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனமுள்ளவர்களுக்கும், 12டி படிவம் கொடுத்தால் அதிகாரிகள் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கினார்கள். இருபது வயதுப் பையனுக்கு அப்படி எதுவும் இல்லை. ஓட்டைச் சென்னைக்கு மாற்றிக்கொள்ளலாமே, படிவம் 8 இருக்கிறதே என்று கேட்கலாம். எங்கள் மண்டியில் கேட்டுப் பார்த்தோம். "ஊர்ல பஞ்சாயத்துத் தேர்தல்ல போட முடியாதே, முதலாளி" என்றார்கள். நியாயம்தானே? கடை மாறினால் அவர்கள் தங்குகிற இடமும் மாறிவிடுகிறது.

இந்த ஆட்களுக்காகவே தேர்தல் ஆணையம் ஒரு கருவி செய்து காட்டியது. ஒரே சாவடியில் 72 தொகுதிகள் வரை கையாளக்கூடிய தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரம் அது. 2023 ஜனவரி 16-இல் கட்சிகளை டெல்லிக்கு அழைத்தார்கள். கட்சிகளில் பல எதிர்த்தன. 2024 தேர்தலில் அது வரவில்லை.

நமது சங்கம் இதுபற்றி ஆணையத்துக்கு மனு கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். வெறுங்கையோடு போனால் எடுபடாது, கணக்கு வேண்டும். உங்கள் கடையில் எத்தனை பேர், அவர்களில் வெளியூரில் ஓட்டு உள்ளவர் எத்தனை, 2024 ஏப்ரலில் ஊருக்குப் போய்ப் போட்டவர் எத்தனை என்ற மூன்று எண்களை மட்டும் ஒரு கார்டில் எழுதிச் சங்க அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பெயர் எதுவும் வேண்டாம்.