இரண்டாவது முங்கலுக்கு எத்தனை நிமிடம்?

வெள்ளிக்கிழமை இரவு பெங்களூரில் பஸ் ஏறினால் சனிக்கிழமை காலை முருடேஸ்வர். அங்கிருந்து படகில் நேத்ராணித் தீவு. முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலடியில் மீன்களைப் பார்த்து வரும் 'ஸ்கூபா'வுக்கு இப்போது நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் போகிறார்கள். பயிற்சிச் சான்று பெற்றவர்கள் ஒரே நாளில் இரண்டு முறை முங்குவது வழக்கம். அந்த இரண்டாவது முங்கலில்தான் கணக்குத் தேவைப்படுகிறது.

ஆழத்தில் அழுத்தம் அதிகம். சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் வாயு உடலில் கரைகிறது. அளவுக்கு மீறிக் கரைந்தபின் மேலே வந்தால், கோலி சோடாவை உடைத்ததுபோல் உடலுக்குள் குமிழிகள் கிளம்பும். மூட்டு வலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை போகலாம். இதைத் தடுக்க முதன்முதலில் முறையான அட்டவணை தந்தவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.எஸ். ஹால்டேன். அழுத்த அறையில் ஆடுகளை வைத்துச் சோதித்து 1908-இல் அதை வெளியிட்டார்.

கரையேறிய பின்னும் நைட்ரஜன் உடனே போய்விடாது. மீந்திருப்பதை 'பழைய பாக்கி' எனலாம். அட்டவணைகள் அதை நிமிடங்களாக மாற்றி, அடுத்த முங்கலில் கழித்துக்கொள்கின்றன.

ஒரே கடல், வேறு வேறு கணக்கு

60 அடி ஆழத்தை எடுத்துக்கொள்வோம். வழியில் நிற்காமல் மேலே வருவதானால், அமெரிக்கக் கடற்படையின் 1957-ஆம் ஆண்டு அட்டவணை (இது பின்னர் திருத்தப்பட்டது) 60 நிமிடம் தந்தது. 1988-இல் வந்த 'பி.ஏ.டி.ஐ.' பயிற்சி நிறுவனத்தின் அட்டவணை 55 நிமிடம் தருகிறது. கனடா ராணுவ ஆய்வு நிலையத்தின் 'டி.சி.ஐ.இ.எம்.' அட்டவணையோ 50 நிமிடத்தோடு சரி.

அப்படியானால் கடற்படைதான் தாராளமா? அங்கேதான் வேடிக்கை. 60 அடியில் 50 நிமிடம் இருந்துவிட்டுப் படகில் ஒரு மணி நேரம் ஓய்வெடுத்து, மறுபடி அதே ஆழத்துக்குப் போவதாக வையுங்கள். கடற்படைக் கணக்கில் பழைய பாக்கி 44 நிமிடம். மிஞ்சுவது வெறும் 16. பி.ஏ.டி.ஐ. கணக்கிலோ ஏறக்குறைய அரை மணி கிடைக்கும்!

நைட்ரஜனில் பாதி வெளியேற 120 நிமிடம் எடுத்துக்கொள்ளும் மந்தமான திசுவைக் கொண்டு கடற்படை ஓய்வு நேரத்தை அளந்தது. பாக்கி தீர 12 மணி நேரம். அது வேலைக்காக நெடுநேரம் மூழ்கும் வீரர்களுக்கு. பொழுதுபோக்குக்கு முங்குவோருக்கு 60 நிமிடத் திசுவே போதும் என்பது பி.ஏ.டி.ஐ.யின் வாதம். ரத்தத்தில் குமிழிகள் உண்டா என்று கருவியால் சோதித்துப் பார்த்தே இதைச் செய்தார்கள். இங்கே 6 மணி நேரத்தில் பாக்கி தீரும்.

இரண்டுமே நேர்மையான கணக்குதான். முதல் முங்கலுக்குக் கடற்படையின் 60, இரண்டாவதற்குப் பி.ஏ.டி.ஐ.யின் அரை மணி என்று இரண்டிலும் லாபத்தை மட்டும் பொறுக்குவதுதான் ஆபத்து. போதாக்குறைக்கு இரண்டிலும் ஆங்கில எழுத்துகளே குறியீடு. ஒன்றின் 'எச்' மற்றதன் 'எச்' அல்ல. காலையில் எடுத்த அட்டவணையே மாலை வரை கையில் இருக்கவேண்டும். இப்போது பலர் மணிக்கட்டில் கம்ப்யூட்டர் கட்டுகிறார்கள். அதற்கும் இதே விதிதான். நண்பரிடம் இரவல் வாங்கிய கருவிக்கு உங்கள் காலை முங்கல் தெரியாது.

மலை ஏறும் பஸ்

பெங்களூர்க்காரர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. நம் ஊர் கடல் மட்டத்துக்குச் சுமார் 3,000 அடி மேலே இருக்கிறது. பஸ்ஸானாலும் ரயிலானாலும் மலைத்தொடரைத் தாண்டித்தான் வரவேண்டும். உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும். சோடா மூடி இன்னும் கொஞ்சம் திறக்கும்.

முங்கிய பின் விமானம் ஏறுவோருக்கு நிபுணர்கள் 2002-இல் கூடி ஒரு பரிந்துரை வகுத்தார்கள். ஒரு முறை முங்கினால் 12 மணி, பல முறை முங்கினால் 18 மணி காத்திருக்க வேண்டும். இது 2,000 முதல் 8,000 அடி உயரத்துக்குரிய அழுத்தத்துக்கு என்பதால் நம் பயணமும் அதற்குள் வருகிறது. ஞாயிறு நண்பகல் இரண்டாவது முங்கலை முடித்தால், திங்கள் காலை 6 மணி வரை கடற்கரையிலேயே இருக்கவேண்டும். திங்களன்று ஆபீஸ் போகவேண்டியவர்கள் சனிக்கிழமையே இரண்டையும் முடித்து, ஞாயிறன்று முருடேஸ்வர் கோயிலையும் கோபுரத்தையும் பார்த்துவிட்டு இரவு பஸ் ஏறலாம்.