மூன்று விளக்கும் ஒரு கூட்ஸ் வண்டியும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ரயில் பாதைகளில் நீண்ட காலம் ஒரு வினோதமான சிக்னல் இருந்தது. கறுப்பு வட்டத் தகட்டில் மஞ்சள் விளக்குகள். மூன்று விளக்குகள் நெட்டுக்குத்தாக எரிந்தால் 'போ'. சாய்வாக எரிந்தால் 'அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வா'. படுக்கைவசத்தில் எரிந்தால் 'நில்'. அவ்வளவுதான்!

பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனி 1915-ல் பிலடெல்பியா அருகே இதை முதலில் நிறுவியது. அதற்கு முன் கைகாட்டி மரம்தான். பாதையோரம் மின்கம்பங்கள் முளைத்ததும், அவற்றுக்கு நடுவே கைகாட்டியைத் தேடிப் பார்ப்பது டிரைவர்களுக்குச் சிரமமாகிவிட்டது. எனவே கையை எடுத்துவிட்டு, அது நிற்கும் கோணத்தை மட்டும் விளக்குகளால் காட்டினார்கள். பனிமூட்டத்திலும் தெரியட்டும் என்று மஞ்சள் நிறம். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாதவர்களுக்கும் கோணம் புரியுமே! என்னைக் கேட்டால், சிக்னல்களிலேயே கெட்டிக்கார சிக்னல் இதுதான்.

இதன் கீழே கூட்ஸ் வண்டி வருவதைப் படம் பிடிக்கவென்றே ஆட்கள் கேமராவோடு அல்டூனா நகரப் பக்கம் போவது வழக்கமாக இருந்தது. அங்கே 1854-ல் திறக்கப்பட்ட, குதிரை லாடம்போல் வளைந்து மலையேறும் பாதை இருக்கிறது. ஆனால் கூட்ஸ் வண்டி எப்போது வரும் என்று யாரும் அட்டவணை ஒட்டுவதில்லை. அமெரிக்காவில் பல சிக்னல்கள் ரயில் நெருங்கும்போதுதான் எரியும். பல்பு நீண்ட நாள் உழைக்க இந்த ஏற்பாடு. விளக்கு எரிந்ததா, கேமராவைத் தூக்கு!

ரயில் வருவது விளக்குக்கு எப்படித் தெரியும்? தண்டவாளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இரண்டு தண்டவாளங்களிலும் சிறிதளவு மின்சாரம் ஓட விடுகிறார்கள். அது மறுமுனையில் உள்ள ரிலே என்ற மின்காந்த சுவிட்சைப் பிடித்து வைத்திருக்கும். ரயில் வந்ததும் இரும்புச் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். மின்சாரம் அந்தக் குறுக்கு வழியில் போய்விடும். ரிலே பிடி விடும். அந்தப் பகுதிக்குள் நுழையும் சிக்னல் 'நில்' காட்டும். தண்டவாளம் உடைந்து மின்சாரம் நின்றாலும் 'நில்'தான். வில்லியம் ராபின்சன் 1872-ல் காப்புரிமை பெற்ற யோசனை இது.

இப்போது ஒரு புதிர். சில படங்களில் எஞ்சின் நம்மை நோக்கி வருகிறது. அதன் பாதைக்கான விளக்குகளோ 'நில்' என்கின்றன. டிரைவர் மீறிவிட்டாரா? இல்லை. அவருக்கான விளக்குகள் அவர் பக்கம் திரும்பியிருக்கும்; நமக்கு அவற்றின் முதுகுதான் தெரியும். நாம் பார்ப்பது, அதே பாதையில் எதிர்த்திசையில் போகும் ரயிலுக்கான சிக்னல். எதிரே ஒரு வண்டி வரும்போது அது 'நில்' என்றுதானே சொல்ல வேண்டும்!

ஆனால் டிரைவர் உண்மையிலேயே சிக்னலை மீறினால்? 2008-ல் கலிபோர்னியாவில் பயணிகள் ரயிலும் கூட்ஸ் வண்டியும் மோதி 25 பேர் இறந்தார்கள். டிரைவர் சிக்னலைத் தவறவிட்டாலும் ரயிலைத் தானாக நிறுத்தும் கருவி முக்கியப் பாதைகளில் வேண்டும் என்று அதே ஆண்டு சட்டம் வந்தது. அந்த வேலையோடு சேர்த்து, கம்பெனிகள் இந்தப் பழைய சிக்னல்கள் பலவற்றையும் கழற்றிவிட்டுப் புதிய வண்ண விளக்குகளை நட்டன. படம் பிடிப்பவர்களுக்கு வருத்தம்தான். ஆனாலும் உயிர் பெரிதல்லவா?

அடுத்த முறை ரயில் நிலையம் போனால், நடைமேடையின் மஞ்சள் கோட்டுக்குப் பின்னாலேயே நின்று, புறப்படும் ரயிலின் முன்னால் உள்ள சிக்னலைக் கவனியுங்கள். எஞ்சின் அதைத் தாண்டியதும் நிறம் மாறும். ஏன் என்று பக்கத்தில் நிற்பவருக்கு நீங்களே விளக்கிச் சொல்லுங்கள்.