லேலோங் சாமானும் நம்ம மரியாதையும்



சில மாதங்களுக்கு முன்பு, சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை, பட்டணத்துப் பேரங்காடி ஒன்றில் கண்ட காட்சி இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கடை மூலையில் லேலோங் மேடை. தேதி நெருங்கிய சாமான்களை அங்கே குவித்து வைத்திருந்தார்கள். 30 வெள்ளி பால் மாவுக்கு 15 வெள்ளி என்று சீட்டு ஒட்டியிருந்தது. மொத்தம் 20 பாக்கெட். நமக்குத் தெரிந்த தோட்டத்து அண்ணன் ஒருவர் டிரோலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இருபதையும் வழித்து உள்ளே போட்டார். மேடை காலி!

கொஞ்ச நேரத்தில் அதே தோட்டத்துப் பெண்மணி ஒருவர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்து வந்தவர். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மூன்று பேர்.

"அண்ணே, பிள்ளைங்களுக்கு ஒரு பாக்கெட் குடுங்கண்ணே."

"மொதல்ல வந்தவனுக்குத்தானே தங்கச்சி? நானும் காசு குடுத்துத்தான் வாங்குறேன்."

அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. முழு விலை பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் சொன்னதில் தப்பு இருக்கிறதா? கடைக்காரர் தடுக்கவில்லை. சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் தோழர்களே, சட்டம் ஒன்று, முறை ஒன்று. ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அந்த முறையை யாராவது சொல்லித் தரவேண்டுமா?

தலையை எண்ணு, நாளை எண்ணு

மலிவாக வாங்குவது கேவலமில்லை. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதிலும் அரிசி, மீன், பள்ளிச் செலவு, மோட்டார் சைக்கிள் தவணை போக என்ன மிஞ்சுகிறது என்று உங்களுக்கே தெரியும். பாதி விலைக்குக் கிடைப்பதை வாங்குகிறவர் கெட்டிக்காரர்தான்.

ஆனால் எவ்வளவு வாங்குவது? அதற்கு ஒரு கணக்கு உண்டு. உங்கள் வீட்டில் வாரத்துக்கு ரெண்டு பாக்கெட் மீஹூன் செலவாகிறது என்று வையுங்கள். தேதி முடிய மூன்று வாரம் இருக்கிறது. அப்படியானால் ஆறு பாக்கெட் போதும். ஏழாவது பாக்கெட் உங்களுடையது அல்ல. உங்களுக்குப் பின்னால் வருகிறவருடையது.

தேதியைப் பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். 'பாய்க் செபெலும்' என்று போட்டிருந்தால், அந்தத் தேதி வரையில் சாமான் நல்ல தரத்தில் இருக்கும் என்று பொருள். 'தாரிக் லூபுட்' என்றால் காலாவதி நாள். சார்டின் டின் உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ, ஓரத்து மடிப்பில் நசுங்கியிருந்தாலோ இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மாவில் வண்டு இருக்கிறதா என்று பாக்கெட்டின் மூலையைப் பாருங்கள்.

ஊருக்காக வாங்கினால்

"நான் எனக்கா வாங்குறேன்? பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான்" என்பவர்களும் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் முதலில் கேட்டுவிட்டு வாங்குங்கள். இப்போது எல்லார் கையிலும் தொலைபேசி இருக்கிறது. "அக்கா, பால் மாவு பாதி விலைக்குப் போடுறான், உங்களுக்கு ரெண்டு எடுக்கவா?" என்று ஒரு வார்த்தை போதும்.

வாங்கி வந்தால் ரசீதைக் காட்டுங்கள். என்ன விலையோ அதே விலை. கார் பெட்ரோலுக்குக் காசு வேண்டுமானால் முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசுங்கள். மலிவு சாமானை அள்ளி வந்து, பட்டணம் போக முடியாத கிழவிக்கு வெள்ளி மேல் வெள்ளி வைத்து விற்பது கெட்டிக்காரத்தனமல்ல. ஏழை வயிற்றில் அடிப்பது.

கோயில் திருவிழா அன்னதானத்துக்கோ கல்யாணத்துக்கோ நிறைய வேண்டுமா? ரெண்டு நாள் முன்னதாகக் கடை நிர்வாகியைப் பார்த்துப் பேசுங்கள். பின்கட்டில் பெட்டிக் கணக்கில் இருந்தால் அதிலிருந்து எடுத்துத் தரக்கூடும். மேடையைக் காலி செய்யும் அவசியமே வராது.

கடையில் நடந்துகொள்வது

சீட்டு ஒட்டும் பையன் பின்னாலேயே நின்று அவன் கையிலிருந்து பிடுங்க வேண்டாம். மலிவுச் சீட்டைக் கிழித்து வேறு சாமானில் ஒட்டுவது திருட்டு. பிறகு வந்து எடுக்கலாம் என்று வேறு தட்டுக்குப் பின்னால் ஒளித்து வைப்பதும் கூடாது. 'ஆளுக்கு மூன்று' என்று எழுதியிருந்தால், பிள்ளைகளை ஆளுக்கொரு வரிசையில் நிறுத்தி ஒன்பதாக்காதீர்கள். பிள்ளைகள் அதையும் பாடமாகப் படித்துக்கொள்வார்கள்!

டிரோலி நிறையச் சாமானோடு நிற்கும்போது, பின்னால் ஒரே ஒரு ரொட்டியோடு வங்காளதேசத்துத் தம்பி நின்றால், "நீ முன்னால போ" என்று வழி விடுங்கள். அவனும் நம்மைப் போல உடம்பை முறித்து வேலை செய்கிறவன்தான்.

இன்னொன்று. அரசாங்க மானியத்தில் வரும் 2 வெள்ளி 50 காசு எண்ணெய் பாக்கெட் லேலோங் சாமான் அல்ல. அது கட்டுப்பாட்டுப் பொருள். அதைப் பதுக்கினால் 1961-ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டம் சும்மா விடாது.

மறந்துவிட்டோமா?

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. அதற்கு முந்திய ரெண்டு நாள் கடைகளில் என்ன நடந்தது? முடிந்தவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். மிச்சப் பேர் காலித் தட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அன்று அள்ளியவர்களைத் திட்டிய நாமே இன்று லேலோங் மேடையில் அதைச் செய்யலாமா?

சேர்ந்து வாங்குவது நமக்குப் புதிதல்ல. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் காசு கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். தோட்டத்தையே கூட்டாக வாங்கிய ஜனம், பால் மாவைப் பங்கு போட்டுக்கொள்ள முடியாதா?

அந்த அண்ணனை அண்மையில் சந்தித்தேன். அவரே கணக்குச் சொன்னார். 20 பாக்கெட்டுக்கு 300 வெள்ளி போட்டார். ஆறு பாக்கெட்டை 18 வெள்ளிக்கு விற்றார். வீட்டில் நான்கு செலவாயிற்று. மிச்சம் பத்தும் தேதி தாண்டி, கட்டி பிடித்து, வாடை மாறிப் போயிற்று.

"எல்லாத்தையும் குப்பையில கொட்டிட்டேன். கொட்டும்போது அந்தத் தங்கச்சி மொகம்தான் ஞாபகம் வந்துச்சு" என்றார்.

18 வெள்ளி லாபத்துக்கு ஆசைப்பட்டு 150 வெள்ளியைக் குப்பையில் போட்டார். அந்தப் பிள்ளைகளுக்கும் பால் இல்லை. அவருக்கும் காசு இல்லை.

அடுத்த சம்பளத்துக்குப் பட்டணம் போவீர்கள். லேலோங் மேடையும் இருக்கும். உங்களுக்கு வேண்டியதைத் தாராளமாக எடுங்கள். போகும்போது ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பின்னால் வருகிறவருக்கு ஒன்றாவது இருக்கட்டும்!