நிலத்துக்குக் கீழே ஓடும் ரயில்: பிள்ளைகள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

சிவனொளிபாத மலை சீசன் காலத்தில் ஹட்டனில் வந்து இறங்கும் ரயிலை நம் பிள்ளைகள் அநேகமாகப் பார்த்திருப்பார்கள். ஹட்டனைத் தாண்டி கொட்டகலைக்குப் போகும்போது சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்து வெளியே வரும். அதன் நீளம் சுமார் 562 மீற்றர். மலைநாட்டுப் பாதையில் ரயில் போகும் சுரங்கங்களில் இதுதான் மிக நீளமானது. ஹட்டனுக்கு ரயில் வந்தது 1884ஆம் ஆண்டில். அந்தக் காலத்தில் மலையைக் குடைந்து தண்டவாளம் போட்டவர்களில் நம் முன்னோர்களைப் போல் தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலியாட்களும் இருந்தார்கள்.

ஆனால் மலையைக் குடைந்து மறுபக்கம் வெளியே வரும் ரயில் வேறு, நகரத்துக்கு அடியிலேயே ஓடி அங்கேயே ஸ்டேசனும் வைத்திருக்கும் ரயில் வேறு. இந்த இரண்டாவது ரகத்தை நிலக்கீழ் ரயில் என்கிறோம். உலகில் முதன்முதலாக இது 1863ஆம் ஆண்டு லண்டனில் ஓடியது. அப்போது இழுத்தது நீராவி என்ஜின்தான், உள்ளே புகை மூட்டம் தாங்க ஏலாது. 1890இல் மின்சார ரயில் வந்த பிறகுதான் ஆழமான குழாய்ச் சுரங்கங்களில் சனங்கள் நிம்மதியாகப் பயணம் செய்தார்கள். இந்தியாவில் கொல்கத்தாவில் 1984ஆம் ஆண்டிலும், சென்னையில் 2017ஆம் ஆண்டிலும் நிலக்கீழ்ப் பாதை திறக்கப்பட்டது. நம் நாட்டில் இப்படி ஒன்று இல்லை.

வெளிநாடுகளில் இந்த ரயில்களைச் சிறிய அளவில் செய்து ஓட்டுவது ஒரு பெரிய பொழுதுபோக்கு. பாகங்களைப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். அதை 'கிட்' என்று சொல்வார்கள். வாங்கியவர் தாமே அறுத்து, அராவி, ஒட்டி, வர்ணம் பூசி ரயிலாக்க வேண்டும். அதில் உள்ள விஷயத்தைத் தெரிந்துகொண்டால் நம் வீட்டில் கிடைக்கும் சாமான்களை வைத்தே பிள்ளைகள் செய்யலாம்.

கணக்கு முதலில்

மாதிரி செய்வதற்கு முதல் வேலை அளவு. இங்கிலாந்தில் பெரும்பாலும் 76இல் ஒரு பங்கு அளவில் செய்கிறார்கள். லண்டன் குழாய் ரயிலின் ஒரு பெட்டி சுமார் 16 மீற்றர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். அதை 76ஆல் வகுத்தால் 21 சென்ரிமீற்றர் வரும். பழைய குழாய்ச் சுரங்கத்தின் உள் அகலம் சுமார் 3.56 மீற்றர். அதுவும் வகுத்தால் ஐந்து சென்ரிமீற்றர்கூட இல்லை!

நம் பிள்ளைகளுக்கு 50இல் ஒரு பங்கு லேசு. நிஜத்தில் ஒரு மீற்றர் என்றால் மாதிரியில் 2 சென்ரிமீற்றர். அப்படியானால் பெட்டி 32 சென்ரிமீற்றர், சுரங்கம் சுமார் 7 சென்ரிமீற்றர். ஆனால் சரியாக 7 வைத்தால் வளைவில் பெட்டி இடிக்கும். ஏனென்றால் பெட்டி நேராக இருக்கிறது, பாதை வளைகிறது. பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும், இரண்டு முனைகளும் வெளிப்பக்கமும் தள்ளிக்கொண்டு நிற்கும். ஆகவே 10 சென்ரிமீற்றர் வைப்பது நல்லது.

சுரங்கம் செய்யும் விதம்

பெரிய பால்மா டின் ஒன்றை எடுத்து அதன்மேல் பொலித்தீன் சுற்றுங்கள். பழைய பத்திரிகையைக் கீலம் கீலமாகக் கிழித்து, கோதுமை மாப் பசையில் தோய்த்து ஏழெட்டுச் சுற்று ஒட்டுங்கள். நன்றாகக் காய்ந்ததும் டின்னைக் கழற்றி எடுத்தால் குழாய் கிடைக்கும். நம் பக்கத்துப் பனிக்கு இது காய்வதற்கு நாலைந்து நாள் போகும். அவசரத்துக்கு அடுப்புக்குக் கிட்ட வைக்கக்கூடாது, தீப்பிடிக்கும். குழாயின் ஒரு பக்கத்தை நீளத்துக்கு வெட்டித் திறந்து விடுங்கள். ரயில் தடம் புரண்டால் கை விட்டு எடுக்கவும், உள்ளே ஓடுவதைப் பார்க்கவும் இது உதவும்.

சக்கரமும் மோட்டாரும்

ரயில் சக்கரத்தின் உட்பக்கம் ஒரு விளிம்பு இருக்கும். அதுதான் ரயிலைத் தண்டவாளத்தை விட்டு இறங்காமல் பிடித்து வைக்கிறது. தடித்த மட்டையில் பெரிய வட்டம் ஒன்று, சின்ன வட்டம் ஒன்று வெட்டி ஒட்டினால் விளிம்புள்ள சக்கரம் தயார். பெரியது உட்பக்கம் வரவேண்டும். இரண்டு சக்கரத்தையும் ஒரே அச்சில் இறுக்கி, அச்சுதான் சுழலும்படி வையுங்கள். மெல்லிய மூங்கில் கீலத்தைத் தண்டவாளமாகவும், ஐஸ்கிறீம் குச்சியைச் சிலிப்பர் கட்டையாகவும் ஒட்டலாம்.

உடைந்த விளையாட்டுக் காரின் மோட்டாரைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, இரண்டு சிறிய பெட்டரி (3 வோல்ட்) கொடுத்து, மோட்டாரையும் அச்சையும் ரப்பர் பட்டியால் இணையுங்கள். அச்சில் பெரிய கப்பி வைத்தால் வேகம் குறையும், இழுவை கூடும். வயரை மாற்றிக் கொடுத்தால் ரயில் பின்னால் ஓடும். கிட்டில் வரும் ரயிலில் கரண்ட் இரண்டு தண்டவாளம் வழியாக 12 வோல்ட்டில் வருகிறது. லண்டனில் நிஜ ரயிலுக்கோ கரண்ட் எடுக்க மட்டும் இன்னும் இரண்டு தண்டவாளம் உண்டு.

ஏற்றம் வைக்க விரும்பினால் நம் மலைநாட்டுப் பாதையைப் பாருங்கள். 44 அடி போனால் ஒரு அடிக்கு மேல் ஏறாதபடிதான் அதைப் போட்டார்கள். நீங்களும் 10 சென்ரிமீற்றர் இறக்க வேண்டுமானால் குறைந்தது 4.4 மீற்றர் நீளமாவது வேண்டும். லயத்து அறையில் அதற்கு இடம் இல்லை. ஆகவே சுரங்கத்தை மட்டமாகவே வைத்து, மேலே மட்டையால் வீதியும் கடையும் கட்டினால் போதும்.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

1. வீட்டு கரண்ட் 230 வோல்ட். அதிலிருந்து எந்த வயரையும் மாதிரிக்கு இழுக்கக்கூடாது. உயிர் போகும். பெட்டரி மட்டும்தான்.
2. பிளேட், கத்தரிக்கோல் வேலையைப் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யவேண்டும்.
3. உண்மையான சுரங்கத்தைப் பார்க்க ஆசைப்பட்டுத் தண்டவாளத்தில் நடந்து போகக்கூடாது. உள்ளே ரயில் வந்தால் ஒதுங்க நேரம் கிடைக்காது.
4. கிட் வாங்குவதற்காகக் கைமாற்று வாங்கவேண்டாம்.

பெற்றோர்களுக்கு

"படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு இந்த விளையாட்டு?" என்று கேட்பீர்கள். அளவு எடுப்பது, வரைபடம் பார்ப்பது, வகுத்துப் பார்ப்பது, பிழைத்தால் கழற்றித் திரும்பப் பூட்டுவது, இதெல்லாம் தொழில்தான். சாதாரண தரப் பரீட்சை சரிவராவிட்டால் உடனே கொழும்புக் கடைக்கு அனுப்புவதுதான் நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. கை வேலையில் நாட்டமுள்ள பிள்ளைக்கு மின்னிணைப்பு, மோட்டார் திருத்தல், தச்சு என்று தொழிற்பயிற்சிகள் இருக்கின்றன. நைட்டா போன்ற அரச நிறுவனங்கள் பயிலுனர்களைச் சேர்க்கின்றன. எந்தப் பிள்ளைக்கு அந்த நாட்டம் இருக்கிறது என்பதை இப்படியான வேலையில்தான் கண்டுபிடிக்கலாம்.

பெண் பிள்ளைகளை ஒதுக்கிவிடாதீர்கள். கொழுந்து எடுக்கும் விரலுக்கு இல்லாத நுணுக்கமா? அடுத்த பாடசாலை விடுமுறையில் நாலு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு ரயில் செய்து பாருங்கள். முதல் தடவை ஓடாது. ஏன் ஓடவில்லை என்று பிள்ளையையே தேட விடுங்கள். தேடிக் கண்டுபிடித்த பிள்ளைக்குத் தன் கை மேல் ஒரு நம்பிக்கை வரும்.